கிறிஸ்துவுக்கு ஓர் அறை

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பு நாள் வருகிறது. அன்று கேட்கப்படுவது பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், ஆடையற்றவனுக்குத் துணி, நோயாளிக்கும் கைதிக்கும் ஆறுதல், இந்த ஆறும்தான். இறந்தவரை அடக்கம் செய்வதையும் சேர்த்து, உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு என்று திருச்சபை வகுத்துக்கொண்டது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிக்கும் பட்டியல் அது. ஆனால் அதைக் காசு கொடுத்து இன்னொருவரைக் கொண்டு செய்வித்தால் போதாதா? உண்டியலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? போதாது என்று தம் வாழ்நாளையே பதிலாகத் தந்தவர் அமெரிக்காவின் டோரதி டே.

1897இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் அவர். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது குடும்பம் வளைகுடாவின் மறுகரையில், ஓக்லாந்தில் இருந்தது. வீடிழந்தவர்கள் படகுகளில் வந்து இறங்க, அவருடைய தாயும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வீட்டிலிருந்த துணிமணிகளை அள்ளிக் கொடுத்தார்கள். எட்டு வயதுச் சிறுமி பார்த்த அந்தக் காட்சி கடைசிவரை மறக்கவில்லை. இளமையில் மதத்தை விட்டு விலகி, இடதுசாரிப் பத்திரிகைகளில் எழுதினார். 1917இல் பெண்கள் வாக்குரிமைக்காக மறியல் செய்து சிறைக்கும் போனார். மகள் பிறந்த பிறகு நம்பிக்கை திரும்பியது. 1927 டிசம்பரில் திருமுழுக்குப் பெற்றார். மதத்தை ஏற்காத துணைவரை அதற்காகப் பிரிய நேர்ந்தது.

பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை உலுக்கிய 1932 டிசம்பரில், வாஷிங்டனில் நடந்த பசி ஊர்வலத்தைச் செய்தியாளராகப் பார்த்தார். ஏழைகளுக்காக மற்றவர்கள் தெருவில் இறங்கியிருக்க, தாம் ஓரமாக நிற்கிறோமே என்ற வேதனையோடு அங்கிருந்த ஆலயத்தில் மன்றாடினார். நியூயார்க் திரும்பியபோது, பீட்டர் மோரின் என்ற பிரெஞ்சு விவசாயக் குடும்பத்து மனிதர் அவரைத் தேடி வந்திருந்தார். கசங்கிய உடை, பை நிறையத் தாள்கள், ஓயாத பேச்சு. பழங்காலத் திருச்சபையின் வழக்கம் ஒன்றை மோரின் நினைவூட்டினார். ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டிலும் வழிப்போக்கனுக்கென்று ஓர் அறை இருக்க வேண்டும். அது கிறிஸ்துவின் அறை. ஏழையைக் காப்பது அரசின் பொறுப்பு என்று தள்ளிவிடாமல், ஒவ்வொருவரும் தம் சொந்தச் செலவில், தம் சொந்த வசதியைக் குறைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பது அவர் வாதம்.

1933 மே 1 அன்று, தொழிலாளர்கள் திரண்டிருந்த நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில், இருவரும் சேர்ந்து தொடங்கிய ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ இதழின் முதல் 2,500 படிகள் விற்பனைக்கு வந்தன. விலை ஒரு சென்ட். ஏழைகளைத் தங்கவைக்கும் விருந்தோம்பல் இல்லங்கள் வேண்டும் என்று இதழ் எழுத எழுத, வீடற்றவர்கள் அப்படி ஓர் இல்லத்தைக் கேட்டு வந்து நின்றார்கள். எழுதியவர்கள் வீடு பிடிக்க வேண்டியதாயிற்று. மாட் தெருவில் அமைந்த இல்லத்தின் முன் விடியற்காலையிலேயே காப்பிக்கும் ரொட்டிக்கும் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். எந்த மதம், ஏன் இந்த நிலை, குடிப்பழக்கம் உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை. பிரசங்கம் கேட்டால்தான் சோறு என்ற நிபந்தனையும் இல்லை. தருமத்தின் அழகே அங்கேதான் இருக்கிறது.

வந்தவர்களுக்கு டோரதி தந்த மரியாதையின் ஆழத்தை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1952இல் ராபர்ட் கோல்ஸ் என்ற மருத்துவ மாணவர் டோரதியைக் காண வந்தார். பின்னாளில் புகழ்பெற்ற மனநல மருத்துவராகி, அவருடைய வாழ்க்கையை எழுதியவர் இவர்தான். டோரதி ஒரு மேசையருகே, குடிபோதையில் இருந்த ஒரு பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் பேச்சு முடிவதாக இல்லை. டோரதியும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நிமிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எழுந்து வந்து, வந்தவர் பேசக் காத்திருப்பது தங்கள் இருவரில் யாரிடம் என்று விசாரித்தார். நாடறிந்த எழுத்தாளரும் நினைவு தடுமாறும் அந்தப் பெண்ணும் அவர் கணக்கில் சரிசமம். தாம்தான் தேடப்படுகிறவர் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை.

இந்த வாழ்க்கை இனிமையானது என்று அவர் ஒருபோதும் எழுதியதில்லை. பேன், திருட்டு, நாற்றம், அடிதடி, தூக்கமற்ற இரவுகள் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினார். அன்பைக் கனவில் காண்பது எளிது, செயலில் காட்டுவது கொடிது என்ற தஸ்தயேவ்ஸ்கியின் கருத்தை அடிக்கடி எடுத்துச் சொன்னார். இல்லங்களில் பணிபுரிந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களும் தானமாக வந்த துணியையே உடுத்தினார்கள், அதே சூப்பையே குடித்தார்கள். தாமே விரும்பி ஏற்ற ஏழ்மை அது. ஏழையோடு ஒரே பந்தியில் உட்காராமல் அவனுக்குப் பரிமாற முடியாது என்ற தெளிவிலிருந்து வந்தது.

பணத்திலும் அதே கண்டிப்பு. சுரங்க ரயில் பாதைக்காக கிறிஸ்டி தெரு இல்லத்தை எடுத்துக்கொண்ட நியூயார்க் மாநகராட்சி, அதற்கான தொகையோடு வட்டியும் சேர்த்துக் கொடுத்தது. வட்டி வாங்குவதைத் திருச்சபை தொன்றுதொட்டுக் கண்டித்திருக்கிறது என்று சொல்லி, 1960இல் அந்த 3,579 டாலர் 39 சென்ட்டைத் திருப்பி அனுப்பினார் டோரதி. அடுத்த வேளைச் சோற்றுக்குக் கடன் சொல்லும் இல்லம் அது!

நீதியைக் கேட்காத தருமத்தையும் அவர் ஏற்கவில்லை. ஒருவன் ஏன் பசித்திருக்கிறான் என்ற கேள்வியைச் சூப்புக் கரண்டியால் மூடிவிடக் கூடாது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குத் துணை நின்றார். இரண்டாம் உலகப் போரையும் எதிர்த்ததால் இதழின் விற்பனை சரிந்தது, பல இல்லங்கள் மூடப்பட்டன. 1973இல், 75 வயதில், கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்களோடு நின்று மீண்டும் சிறை சென்றார்.

நியூயார்க்கின் கிழக்கு 3ஆம் தெருவில், வீடற்ற பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட ‘மேரி ஹவுஸ்’ இல்லத்தில் அவருக்கும் ஓர் அறை இருந்தது. கடைசி ஆண்டுகளை அந்தப் பெண்களோடு அங்கேயே கழித்து, 1980 நவம்பர் 29 அன்று அங்கேயே உயிர்விட்டார். 2000இல், புனிதர் பட்டத்துக்கான முதல் படியாக, திருச்சபை அவரை இறை ஊழியர் என அறிவித்தது. அருகே, கிழக்கு 1ஆம் தெருவில் உள்ள புனித சூசையப்பர் இல்லத்தில் சூப்பு வரிசை அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. இதழின் விலையும் அதே ஒரு சென்ட்.