கதைக்கு 'உம்' கொட்ட வாருங்கள்

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. வேலை காரணமாக அன்று வர இயலாத பெற்றோர்களுக்காக இம்மலரில் இடம்பெறுகிறது.)



என்னைப் பேசச் சொன்னதும், தேர்வைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோதான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியுள்ள பெரியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கையில் ஒரு பயிற்சிச் சான்றிதழோடு நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அதில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும், அதற்குப் பிறகு என் வகுப்பில் நடக்கும் ஒரு கதை விளையாட்டைப் பற்றியும் சொல்லத்தான் நிற்கிறேன். விளையாட்டு என்றதும் முகம் சுளிக்காதீர்கள்.

நம் பாட்டிமார் கதை சொல்லும்போது என்ன சொல்லுவார்கள்? "உம் கொட்டுடா, அப்பத்தான் சொல்லுவேன்" என்பார்கள். 'உம்' நின்றுவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டது என்று பொருள், அல்லது கதை புரியவில்லை என்று பொருள். கேட்கிறவரின் குரலை வைத்துத்தான் சொல்கிறவர் கதையை நீட்டுவதும் குறைப்பதும். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் ஒரு படி மேலே போய், கதையை முடிக்காமல் கேள்வி கேட்கிறது. ராஜா வாயைத் திறந்து பதில் சொன்னால் வேதாளம் மறுபடியும் மரத்தில் ஏறிக்கொள்ளும். கேட்கிறவர் சொல்கிற பதிலில் கதையின் போக்கே மாறுவது நமக்குப் புதிய சங்கதி அல்ல.

இதே சங்கதி அமெரிக்காவில் ஒரு வீட்டுப் படுக்கையறையில் நடந்தது. எட்வர்ட் பேக்கர்ட் என்பவர் வழக்கறிஞர். இரவில் தம் பெண் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவார். ஒருநாள் ஒரு தீவுக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு மேலே என்ன சொல்வதென்று தோன்றவில்லை. "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பிள்ளைகளையே கேட்டார். ஒருத்தி ஒன்று சொன்னாள், இன்னொருத்தி வேறொன்று சொன்னாள். இரண்டையும் வைத்துக் கதை கட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1969-இல் 'கரும்புத் தீவு' என்று பொருள்படும் பெயரில் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். இப்படிச் செய்தால் இந்தப் பக்கத்துக்குப் போ, அப்படிச் செய்தால் அந்தப் பக்கத்துக்குப் போ என்று வழி பிரியும் புத்தகம். பதிப்பகங்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பின. 1976-இல் ஒரு சின்னப் பதிப்பகம்தான் வெளியிட்டது. 1979-இல் ஒரு பெரிய நிறுவனம் இந்த வகைப் புத்தகங்களை வரிசையாகப் போடத் தொடங்கியபின், கோடிக்கணக்கான படிகள் விற்றன. அப்பாவுக்குக் கதை தீர்ந்துபோன ஒரு ராத்திரியிலிருந்து வந்தது இத்தனையும்!

எங்கள் வகுப்பில் இதை 'வழி பிரியும் கதை' என்கிறோம். செலவு ஒன்றும் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். ஆனால் கணக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி என்று வைத்தால், ஐந்து முறை பிரிந்ததும் 32 முடிவுகள் வந்து நிற்கும். மொத்தம் 63 பக்கம் எழுத வேண்டும். பத்து முறை பிரித்தால் 1,024 முடிவுகள். பிள்ளைகள் மூன்றாம் நாளே கையை உதறிக்கொண்டு வருவார்கள். அதனால் பிரிந்த வழிகளை மறுபடி ஓரிடத்தில் சேர்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஆளுக்கொரு நிரைக்குப் போனவர்கள் பாலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்து சேர்வதில்லையா, அதுபோல.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். இது முன்பு நான் இருந்த வேறொரு பள்ளியில் நடந்தது. ஊர் பேர் வேண்டாம். ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன். அதிகம் பேசமாட்டான். அவனுடைய பாட்டி அந்தக் காலத்தில் பால் வெட்டியவர். அவரை வைத்தே கதை எழுதினான். விடியாத நேரத்தில் பாட்டி பால்மரக் காட்டுக்குள் போகிறார். நெற்றியில் கட்டிய லைட்டு அணைந்துவிடுகிறது. முன்னே போவதா, திரும்பி லயத்துக்கே வருவதா? இங்கே வழி பிரிகிறது. அந்த இடத்தில் 'இருட்டு பாட்டியைச் சாப்பிட்டது' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தான்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒற்றெழுத்து, சந்தி, ரகர றகரம் என்று பக்கம் பக்கமாகச் சுழித்தேன். அதோடு நின்றிருக்கலாம். 'இருட்டு சாப்பிடுமா?' என்று அந்த வாக்கியத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்று யோசித்துப் பார்த்தால், அந்த வருஷம் நான் திருத்திய அத்தனை கட்டுரைகளிலும் உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பாட்டி பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். "டீச்சர், பேரன் தினம் ராத்திரி எனக்கு ஒரு கதை படிச்சுக் காட்டுவான். இப்பக் கொஞ்ச நாளாப் படிக்கல. கேட்டா நோட்டு தொலைஞ்சு போச்சுங்கிறான். உங்ககிட்ட இருக்கா?" என்றார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவரே மேலே பேசினார்: "லைட்டு அணைஞ்சா முன்னுக்கும் போகக்கூடாது, பின்னுக்கும் வரக்கூடாதுன்னு அவன்கிட்டச் சொன்னேன். நின்ன எடத்துலயே நிக்கணும். பக்கத்து நிரையில வெட்டுறவங்களுக்குக் குரல் கொடுக்கணும். அவங்க லைட்டு வர்ற வரைக்கும் அசையக்கூடாது. 'அது மூணாவது வழி பாட்டி, டீச்சர் ரெண்டு வழிதான் வைக்கச் சொன்னாங்க'ன்னான்."

உண்மைதான். இரண்டு வழிதான் வைக்க வேண்டும் என்று சொன்னவள் நான். அந்தக் கதைக்குத் தேவையான யோசனையைச் சொன்னவர் அந்த அம்மா. நான் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பிழை திருத்தினேன். கதைக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. அவர் அந்த இருட்டுக்குள் போய் நின்று பார்த்து, இங்கே ஒரு வழி குறைகிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் அதற்கப்புறம் கதை எழுதவில்லை. இப்போது இடைநிலைப்பள்ளி போகிறான். சிரம்பான் டவுனில் பார்த்தால் வணக்கம் சொல்லுவான். கதையைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அதனால்தான் இப்போது என் வகுப்பில் கதையை முதலில் என்னிடம் கொண்டுவரக்கூடாது. பக்கத்துப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். படிக்கிற பிள்ளை ஒரு தாளில் தான் போன பக்கங்களின் எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டே போகும். எழுதிய பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் ரொம்பக் கஷ்டம்! "இல்லடா, அது வந்து என்னான்னா..." என்று விளக்கம் சொல்லத் துடிப்பார்கள். விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால், அந்த விளக்கம் கதைக்குள் இல்லை என்றுதானே அர்த்தம்? படித்து முடித்த பிள்ளை எங்கே புரியாமல் நின்றது, எங்கே சலிப்பு வந்தது, தான் செய்ய நினைத்த எதைக் கதை செய்ய விடவில்லை என்று சொல்லும். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோக அனுமதி இல்லை. "நல்லா இல்லை" என்று சொல்லிவிட்டும் போக முடியாது. பிழை திருத்தம் கடைசியில்தான். சுவரே எழும்பாத வீட்டுக்கு யாராவது சாயம் அடிப்பார்களா?

அந்த எண்கள் எழுதிய தாள் பெரிய உதவி. ஒரு மாணவியின் திருவிழாக் கதையில் 6, 11, 6, 11 என்று அந்தத் தாள் நீண்டுகொண்டே போனது. கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர வெளியே வர வழியில்லை. எழுதியவளுக்கு அது தெரியவே இல்லை. அவளுக்குத்தான் கதை மனப்பாடமாயிற்றே. இன்னொருவன் 17-ஆம் பக்கத்துக்குப் போ என்று எழுதியிருந்தான். புத்தகத்தில் 16 பக்கம்தான்!

பெற்றோர்களும் கேட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற ஒரு தகப்பனார், மகளுடைய கதையைக் கேட்டுவிட்டு, "மழை பேஞ்சா அந்த மண்ணு ரோட்டுல லாரி எப்படிம்மா மேல ஏறும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெண் மூன்று பக்கம் புதிதாக எழுதினாள். வேறொரு வீட்டில், பெயர் சொல்ல மாட்டேன், தகப்பனார் கதையைக் கையில் வாங்கிக்கொண்டு அதில் மது ஒழிப்பையும் சேமிப்பையும் சேர்த்துவிட்டார். நல்ல கருத்துதான், யார் மறுக்கிறார்கள்? ஆனால் மறுநாள் பையன் "இது எங்க அப்பா கதை டீச்சர்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

ஒன்றை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கதையை எழுதுமுன்பே கருவைச் சொல்லிக் கருத்துக் கேட்கலாமா? சில பிள்ளைகளுக்கு அது நல்லது. மூன்று வரியில் சொல்லும்போதே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடுகிறது. சில பிள்ளைகளோ, வாயால் சொல்லிவிட்ட திருப்தியிலேயே எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே கருவை ஒருவரிடம் மட்டும் சொல், பத்துப் பேரிடம் சொல்லாதே என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

கணினியில் வந்த கதைகளும் இப்படிக் கைமாறித்தான் வளர்ந்தன. வில் குரோதர் என்பவர் அமெரிக்காவில் கணினி வல்லுநர். குகைகளுக்குள் நுழைந்து ஆராய்கிற பழக்கமும் உள்ளவர். மணமுறிவுக்குப் பின் தம் மகள்களுக்காக, தாம் அறிந்த ஒரு குகையை வைத்து 1970-களின் நடுவில் ஒரு கதை விளையாட்டை எழுதினார். படம் ஒன்றும் கிடையாது, எழுத்து மட்டும்தான். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று நாம் தட்டினால், அடுத்து நடப்பதைக் கணினி சொல்லும். டான் உட்ஸ் என்கிற மாணவர் அதைப் பார்த்து, இதை வளர்க்கலாமே என்று ஆசைப்பட்டார். எழுதியவர் எங்கிருக்கிறார் என்று தெரியாது. அந்நாளில் கணினி வலையில் இருந்த நிலையங்கள் குறைவு. ஒவ்வொன்றுக்கும் 'குரோதர்' என்ற பெயருக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தார். குரோதரின் பதில் வந்தது, மூல எழுத்தும் கிடைத்தது. 1977-இல் உட்ஸ் பெரிதாக்கிய அந்தக் கதைதான் உலகமெல்லாம் பரவியது. கேட்டு வாங்கிய அந்த மரியாதையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் கருவைக் கேட்காமல் எடுத்து எழுதிவிட்டு, 'சும்மாதான் டீச்சர்' என்பது வேறு காரியம். 1995 முதல் இந்த வகைக் கதைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு போட்டியும் நடக்கிறது. அதில் நடுவராகப் பட்டம் எதுவும் வேண்டாம். குறைந்தது ஐந்து கதைகளை ஆடிப் பார்த்து மதிப்பெண் போட்டால் போதும். ஒரு கதைக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்து, அதை வைத்தே மதிப்பெண் போட வேண்டும்.

நம் வீட்டுக் கதையை உலகம் எங்கே கேட்கப் போகிறது என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். 2023-இல் கனடாவின் டொரான்டோவில் ஒரு சிறு குழு 'வெண்பா' என்ற கதை விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை. அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து மங்கிக் கிடக்கிறது. விடுபட்டதை ஆடுகிறவரே யோசித்து இட்லி ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். மகன் தமிழை விட்டு விலகிப் போவதும் அதில் வருகிறது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில், முதல் படைப்புக்கான விருது அதற்குக் கிடைத்தது. இட்லித் தட்டுக்குக் கிடைத்த மரியாதை பால் மங்குக்குக் கிடைக்காதா? லாபு, ரந்தாவ் பக்கம் பால்மரம் நின்ற எத்தனையோ இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. அந்தப் பால்மரக் காட்டின் இருட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கணினி உள்ள வீட்டில் 'டுவைன்' என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்தலாம். 2009-இல் வந்தது. பெட்டி பெட்டியாக எழுதி அம்புக்குறியால் இணைக்கலாம், தமிழிலேயே தட்டலாம். ஆனாலும் முதல் கதையை நோட்டில் எழுதுங்கள் என்பேன். கணினி வந்ததும் பிள்ளைகள் எழுத்துக்கு வர்ணம் தேடுவதிலேயே ஒரு வாரத்தைப் போக்கிவிடுகிறார்கள்.

பரிசளிப்பு விழா அன்று ஐந்தாம் ஆண்டு வகுப்பறையில் ஒரு மேசை போட்டு ஒன்பது கதைகளை வைத்திருப்போம். எதுவும் முடிந்த கதையல்ல. இவற்றுக்குப் பரிசும் கிடையாது. தேநீர் குடித்துவிட்டு அப்படியே வந்து ஒரு கதைக்குள் நுழையுங்கள். போகிற பக்கங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே நின்றீர்களோ அதை எழுதிய பிள்ளையிடம் சொல்லுங்கள். எழுத்து தெரியாத பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், அவர்களுக்குப் பிள்ளைகளே வாசித்துக் காட்டுவார்கள். பென்சிலும் தாளும் நாங்கள் தருகிறோம்.