கனவு என்னும் வித்து



'கனவு' என்னும் சொல் இன்று 'குறிக்கோள்' என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. மேடைதோறும் இளைஞரைக் கனவு காணச் சொல்கிறோம். அது விழித்திருந்து நாம் தேர்ந்துகொள்வது. நான் பேச வந்தது உறக்கத்தில் கேளாமலே வந்து, இளநெஞ்சில் தங்கி, வாழ்நாள் முழுதும் விலகாத கனவைப் பற்றி. கனவையும் அகத்திணைக்கு உரியதாக ஏற்றுக்கொண்டவர் தொல்காப்பியர். எனவே இஃது இலக்கியத்திற்குப் புறம்பான பொருள் அன்று.

கனவைப் பேசும் தகுதி நம் பள்ளத்தாக்கிற்கு உண்டு. சித்திரை முழுநிலா நாளில் பளியன்குடி வழியாக மலையேறி மங்கலதேவி கோட்டத்தை வணங்கி வருகிறோம். அங்கே நாம் வணங்கும் கண்ணகி, சிலம்பில் கனவு கண்டவள். அறியாத ஊர், அங்கே கணவன்மேல் விழுந்த பழி, அரசன்முன் தான் வழக்குரைத்தது ஆகியவற்றைத் தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தியோ இரு பொய்கைகளில் நீராடிக் காமன் கோட்டம் தொழுமாறு பரிகாரம் கூறுகிறாள். அது பெருமையன்று என மறுத்துவிடுகிறாள் கண்ணகி. வந்த கனவைக் கழுவிப் போக்க அவள் விரும்பவில்லை. பின்னாளில் பாண்டியன் அவையில் தனித்து நின்றவள், கனவில் ஒருமுறை அங்கே நின்றிருந்தவள்தானே!

எனினும் அது மணமாகி வாழ்ந்தவளின் கனவு. இளம்பெண்ணின் கனவைக் காண வருசநாட்டு மலையைக் கடந்தால் போதும், அப்புறம் திருவில்லிபுத்தூர். நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகமாகிய 'வாரணமாயிரம்' ஆண்டாள் கண்ட திருமணக் கனவு. தோரணம் நாட்டுதல் தொடங்கி, இந்திரன் முதலியோர் மணம் பேசுதல், அந்தரி கூறைப்புடவை உடுத்துதல், காப்பு நாண் கட்டுதல், தீவலம் வருதல், அம்மி மிதித்தல், பொரியிடுதல் என ஒவ்வொரு சடங்கும் அதில் காட்சியாகிறது. நிகழ்ந்த ஒன்றைத் தோழியிடம் கூறும் உறுதி அக்குரலில் உண்டு. வைணவ இல்லங்களின் திருமணங்களில் இன்றும் அப்பதிகம் ஓதப்படுகிறது.

நாம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறோம். நாச்சியார் திருமொழி பதினான்கு பதிகங்கள் கொண்டது. கனவு ஆறாவதிலேயே முடிந்துவிடுகிறது. அடுத்த பதிகத்தில் அவள் வெண்சங்கை அழைத்து, அவன் வாயின் சுவையையும் மணத்தையும் வினவுகிறாள். ஏன் சங்கை வினவ வேண்டும்? கனவில் அவன் கைத்தலம் பற்றியபோது அங்கே சங்கு ஊதிற்று. விழித்தெழுந்தவள் கனவின் சாட்சியைத் தேடிப் பிடித்துக் கேட்கிறாள் என்று நான் கருதுகிறேன். அதன்பின் மேகத்தைத் தூது விடுகிறாள், வாடுகிறாள், வெகுளவும் செய்கிறாள். அக்கனவு அவளுக்கு நிறைவைத் தரவில்லை, தன் குறையை அறியும் ஆற்றலைத் தந்தது. ஆன்ம வளர்ச்சி என்பது அவ்வறிவிலிருந்தே தொடங்குகிறது.

பிற நாட்டுச் சான்று ஒன்றும் கூறுவேன். இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் 1815ஆம் ஆண்டு பிறந்து, இரண்டு வயது நிரம்பும் முன்னே தந்தையை இழந்தவர் தொன் போஸ்கோ. ஏறத்தாழ ஒன்பது வயதில் ஒரு கனவு கண்டார். இழிசொல் பேசிய சிறுவர் கூட்டத்தை அடித்துத் திருத்தப் பாய்கிறார். அடியால் அன்று, அன்பால் வெல்க என ஒருவர் தடுக்கிறார். கொடிய விலங்குகள் ஆட்டுக்குட்டிகளாகின்றன. காலையில் வீட்டாரிடம் சொன்னபோது ஓர் அண்ணன், நீ ஆடு மேய்ப்பாய் என்றான். மற்றவன், கொள்ளையர் தலைவனாவாய் என்றான். குருவாகலாம் என எண்ணினாள் தாய். கனவை நம்பலாகாது என்று பாட்டி முடித்துவிட்டாள். அச்சிறுவன் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தன் வாழ்வையே கொடுத்தான். அவர் நிறுவிய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சைக்கு வந்து தமிழ்நாட்டில் பணி தொடங்கினர். 1887 மே மாதம், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னர், உரோமையில் பூசை செய்கையில் அவர் பலமுறை அழுதார். சிறுவயதுக் கனவின் பொருள் அன்றுதான் விளங்கிற்று என்றாராம். இடையில் கழிந்தவை அறுபது ஆண்டுகளுக்கும் மேல்!

ஆகவே கனவுக்கு உடனே பலன் பார்ப்பது வித்தைத் தோண்டித் தோண்டி முளை பார்ப்பதற்கு ஒப்பாகும். ஆனால் நம் வீடுகளில் பிள்ளை கனவு சொன்னால் திருநீறு பூசி, 'வெளியே சொல்லாதே' என்று அடக்கிவிடுகிறோம். பெண் பிள்ளையாயின் அடக்குதல் இன்னும் விரைவாக நிகழும்.

என் மாணவியரிடம் ஒருமுறை சிறுவயதுக் கனவொன்றை எழுதித் தருமாறு கேட்டேன். பலர் எதிர்காலத் திட்டங்களையே எழுதினர். ஒருத்தி மட்டும், ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிச் செல்லும் தாயின் மகள், இவ்வாறு எழுதினாள்: அந்தியில் மலையிறங்கும் ஜீப் விளக்குகளில் ஒன்று மட்டும் இறங்காமல் நின்று தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததாம். அப்போது அவளுக்கு ஏழு வயது. தாய் அன்றும் பின்னரும் நலமாகவே வீடு திரும்பினாள். ஆயினும் அவ்விளக்கு மகளை விடவில்லை. உரைநூல் நடை படியாத, அவளது முதல் தமிழ் அதுவே. 'இதற்கு என்ன பொருள் அம்மா?' என்றாள். 'பொருளை இப்போது தேடாதே; அந்த விளக்கை மறவாதே' என்றேன். இன்று அவள் கவிதை எழுதுகிறாள்.

கவிஞர்களே! இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அத்தகைய பிள்ளைகளுக்கு ஓர் இருக்கை ஒதுக்குங்கள். அவர்கள் கனவைச் சொல்லும்போது பலன் சொல்ல முந்தாதீர்கள். ஆண்டாளின் தோழி அப்பதிகத்தில் ஒரு மறுமொழியும் கூறவில்லை, கேட்டாள். அத்தோழியாக இருத்தலே நம் கடன்.