சோறும் பருப்பும் சேரலாமா?



மாவுச்சத்தையும் புரதத்தையும் ஒரே வேளையில் சேர்க்காதே என்பது அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹே பரப்பிய முறை, 1930களில் பிரபலமானது. அதை நம்பி நம்மில் சிலர் சாம்பாரை ஒதுக்கிவிட்டு வெறும் ரசஞ்சோறு சாப்பிடுகிறார்கள். துவரம் பருப்புக்குள்ளேயே இரண்டும் இருக்கே, அதை எப்படிங்க பிரிப்பீங்க? நம் கணையம் இரண்டுக்குமான நொதிகளையும் சேர்த்தேதான் சுரக்கிறது.

2000-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், உடல் பருமனான 54 பேர் 6 வாரம் ஒரே கலோரி அளவில் சாப்பிட்டார்கள். பிரித்துச் சாப்பிட்டவர்களும் சேர்த்துச் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரேமாதிரிதான் இளைத்தார்கள். இளைக்க வைத்தது அளவு; பிரிவினை அல்ல!

அரிசியில் குறைவான லைசினைப் பருப்பு தருகிறது. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி தருகிறது. ஆகவே விடுதித் தம்பிகளே, சோற்றைக் குறையுங்கள், பருப்பை விட்டுடாதீங்க.