திறக்காமல் பார்ப்பது



மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேரன்று என் அம்மா வடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் படம் ஒன்று என் பழைய போனில் இருந்தது. அம்மா கண்ட கடைசித் தேர் அது. ஒருநாள் றத்தோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போன் கைதவறித் தார் வீதியில் விழுந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மூலையை அழுத்திப் பிடித்தால் உயிர் வரும், விட்டால் அணைந்துவிடும்.

திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி கெட்டிக்காரர். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஐசிக்கு அடியில ஈயம் விட்டிருக்கும் போல, சேர். தூக்கிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். சம்மதித்தேன். சூடான காற்றை ஊதி ஐசி என்ற அந்தச் சில்லைத் தூக்கினார். அது பொருத்தப்பட்டிருந்த போட்டில், அதாவது மின்சுற்றுப் பலகையில், இருந்த செப்புத் தடங்களும் அதோடு உரிந்து வந்துவிட்டன. "பிழை என்னவாக இருந்தது, தம்பி?" என்று கேட்டேன். "தூக்கின பிறகு எப்பிடி சேர் சொல்றது?" என்றார்.

அந்தப் பதில் என் மனதை விட்டுப் போகவில்லை. பிழையைத் தேடிப் போன கையே பிழையின் தடயத்தை அழித்துவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது.

போனின் மூளையாக இருக்கும் ஐசிக்குப் பக்கவாட்டில் கால்கள் கிடையாது. அதன் வயிற்றுப்புறத்தில், கடுகைவிடச் சிறிய உலோக உருண்டைகள் நூற்றுக்கணக்கில் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவைதான் ஐசியைப் போட்டோடு இணைப்பவை. பேச்சுக்கு ஈயம் என்கிறோம். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, இவை பெரும்பாலும் வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் கலந்தவையாகிவிட்டன. பழைய கலவை 183 பாகை செல்சியஸில் உருகும். புதியதற்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். தூக்கிப் பார்க்க இன்னும் கூடுதலாகச் சூடு காட்ட வேண்டியிருப்பது அதனால்தான்.

தூக்காமலே பார்க்க முடியுமா? முடியும். 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரோண்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரே கதிருக்கு அது முடியும். அவருடைய மனைவியின் கையைப் படமெடுத்தபோது சதை மங்கலாகவும், எலும்பும் மோதிரமும் கறுப்பாகவும் விழுந்தன. ஐசியிலும் அதே கதைதான். பிளாஸ்டிக்கும் சிலிக்கனும் கதிரைப் பெரும்பாலும் போக விடும். வெள்ளீயம் கனத்த அணுக்களால் ஆனது, கதிரைத் தடுத்துவிடும். ஆகவே மூடியிருக்கும் ஐசிக்கு அடியில் அந்த உருண்டைகள் மட்டும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அந்த இடம் வெளுத்திருக்கும். இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் தெரியும்.

இவ்வளவு சிறியதை எப்படிப் பெரிதாக்குகிறார்கள்? தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குப்பி விளக்கின் அருகே கையைக் காட்டினால் சுவரில் நிழல் பெரிதாக விழுமல்லவா? கையை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போக நிழல் வளரும். ஆனால் திரி சிறியதாக இருந்தால்தான் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். நீளமான டியூப் லைட்டின் கீழ் நிழல் கலங்கிப்போகும். நுண்ணிய எக்ஸ்ரே கருவியின் இரகசியம் இதுதான். கதிர் புறப்படும் இடத்தை மயிரிழையைவிடச் சிறிய புள்ளியாக்கி, பொருளை அதன் அருகே வைத்து, நிழலைத் தூரத்தில் பிடிக்கிறார்கள்.

ஒரு நிழல் மட்டும் போதாது. போட்டின் இரு பக்கமும் பாகங்கள் இருப்பதால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அதனால் பொருளை மெல்லச் சுழற்றி நூற்றுக்கணக்கான கோணங்களில் நிழல் எடுத்து, கணினியில் முழு உருவத்தையும் கட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே முறை. அங்கே நோயாளியைச் சுற்றிக் கருவி சுழலும், இங்கே பெரும்பாலும் பொருள் சுழலும்.

இந்த இடத்தில் ஒரு பெயரை ஆசையோடு சொல்ல விரும்புகிறேன். ஜி. என். ராமச்சந்திரன். 1922 இல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைக்குத் தலைவராக இருந்து, நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தைக் கண்டு சொன்னவர். இந்த நிழல் கணக்கிலும் அவருக்குப் பங்குண்டு. எடுத்த நிழல்களையெல்லாம் வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உருவம் கிடைக்கும், ஆனால் நக்கிள்ஸ் மலையைப் பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல் கலங்கியிருக்கும். 1971 இல் ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் ஒரு வழி காட்டினார்கள். பரப்புவதற்கு முன்னரே ஒவ்வொரு நிழலையும் ஒரு கணக்கால் வடிகட்டி ஓரங்களைக் கூராக்கிவிட்டால் மூட்டம் விலகிவிடும். கணக்கும் இலகு, கணினிக்கு நேரமும் மிச்சம். அதே 1971 இல்தான் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 1979 இல் சிடி முறைக்காக அவருக்கும் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம்மவர் இருவரின் பெயரும் 'ராம்-லாக் வடிகட்டி' என்று ஸ்கேன் மென்பொருள்களில் இன்றைக்கும் வழங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

திறக்குமுன் பார்ப்பதன் அருமை 2016 இல் உலகுக்கே தெரிந்தது. சாம்சங் நோட் 7 போன்கள் தீப்பற்றின. இலட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். எரிந்த பற்றரியைப் பிரித்தால் பாதித் தடயம் போய்விடும். எக்ஸ்ரேயிலும் சிடியிலும் பார்த்து, பிறகே பிரித்தார்கள். ஒரு வகைப் பற்றரியில் மேல் மூலையில் மின்வாய்த் தகடு வளைந்திருந்தது. மாற்றாக வந்த பற்றரியில் வேறு பிழை, பற்றவைத்த இடத்தில் கூரான உலோகப் பிசிறு. 2017 ஜனவரியில் இதை அறிவித்தபோது, இனிப் பற்றரிகளை எக்ஸ்ரேயில் சோதிப்போம் என்றும் சொன்னார்கள்.

சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனம் இன்னும் ஆழத்துக்குப் போனது. 2017 இல் ஒரு கணினிச் சில்லின் உட்கம்பிகளை ஏறத்தாழ 15 நானோமீற்றர் நுணுக்கத்தில் முப்பரிமாணமாகக் காட்டினார்கள். அதற்குச் சில்லிலிருந்து ஒரு சிறு தூணை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

நமது இலங்கையில், களனியில், அணுசக்திச் சபையின் கீழ், பொருளைச் சிதைக்காமல் சோதிப்பதற்கான தேசிய நிலையம் இருக்கிறது. உலோகப் பற்றவைப்புகளையும் குழாய்களையும் இப்படிப் பார்ப்பது ஒரு தொழில். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இதையும் மனதில் வைத்திருக்கலாம்.

போன வாரம் அந்தக் கடைக்கு மறுபடி போனேன். குப்பி விளக்குக் கதையைத் தம்பியிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து கடை லைட்டை அணைத்தார். தன் போனின் டோர்ச்சை மேசையில் நிறுத்தி, ஒரு பழுதான போட்டை அதன் அருகே பிடித்தார். சுவரில் அதன் நிழல் ஒரு முழத்துக்கு விரிந்தது. விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிக் கால்களை, சுவரில் விரல் வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.