எழுத்தைப் படைத்தவர் யார்?



நான் பண்டிதனல்ல, கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த காகிதத்தையும் விடாமல் படித்து ஏதோ தெரிந்துகொண்டவன். ஆனால் எழுத்தைப் பற்றிப் பேசப் பண்டிதரின் உத்தரவு வேண்டியதில்லை. எழுத்து கடவுள் கொடுத்தது, அதில் ஒரு சுழியைக்கூட மாற்றலாகாது என்கிறார்களே, அவர்களை ஒன்று கேட்கிறேன்.

ஆங்கிலத்தில் சர்ச் என்று எழுத, முதலில் சி, அடுத்து எச் போடுகிறார்கள். காதில் விழுவது ஒரே ஒலி. ஆனாலும் அங்கே அவை இரண்டெழுத்துத்தான். இதே ஜோடி செக் மொழியில் ஒரே எழுத்து. அகராதியில் எச்சுக்குப் பின்னால் அதற்குத் தனியிடம். வேல்ஸ் நாட்டிலும் ஒரே எழுத்துத்தான். ஆனால் அங்கே அதன் இடம் சிக்குப் பின்னால். வேல்ஸ்காரர் குறுக்கெழுத்துப் போட்டியில் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதுகிறார். கடவுள் கொடுத்த எழுத்தானால் ஊருக்கு ஒரு கணக்கு ஏன்?

ஸ்பெயின் தேசத்துச் சங்கதியைக் கேளுங்கள். அந்நாட்டு மொழி அகாடமியார் 1803-ம் வருஷத்து அகராதியில் இந்த ஜோடிக்கும், இரட்டை எல்லுக்கும் தனியிடம் கொடுத்தார்கள். அதனால் பையன் என்று பொருள்படும் ‘சீகோ’ என்ற சொல்லைச் சி வரிசையில் தேடினால் அகப்படாது. சிலுவை என்னும் ‘க்ரூஸ்’ முதலான சி வரிசைச் சொற்களெல்லாம் தீர்ந்த பிறகே அது வரும். இந்த ஏற்பாடு ஏறக்குறைய 190 வருஷம் நடந்தது. பிறகு 1994-ல் ஸ்பானிய மொழி அகாடமிகள் மாட்ரிட் நகரில் கூடி, ஓட்டெடுத்து, அந்தத் தனி வரிசைகளை எடுத்துவிட்டன. 2010-ல் அரிச்சுவடியிலிருந்தும் அவற்றை நீக்கின. 29 எழுத்து 27 ஆயிற்று.

வானம் இடிந்து விழுந்ததா? மொழி செத்ததா? ஸ்பானியர் பேச்சில் ஓர் ஒலிகூடக் குறையவில்லை. எழுத்து வேறு, மொழி வேறு என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

நம் சங்கதி இதற்குத் தலைகீழ். அகரமும் யகர ஒற்றும் சேர்ந்தால் ஐகாரம் போலாகும் என்று தொல்காப்பியமே சொல்லுகிறது. அதைக்கொண்டு ‘ஐ’க்குப் பதில் ‘அய்’ போதுமே என்றால் மட்டும் தமிழ் அழிந்துவிடும் என்கிறார்கள். 1935-ல் பெரியார் ‘குடிஅரசு’வில் கையாண்ட சீர்திருத்தத்தில் 13 எழுத்தை அரசாங்கம் 1978-ல் ஏற்றது. இன்று நம் குழந்தைகள் அவற்றைத்தான் எழுதுகிறார்கள். தமிழ் எங்கே அழிந்தது?

தோழர்களே! எழுத்து, மனிதன் தன் சவுகரியத்துக்குச் செய்துகொண்ட கருவி. ஏர் தேய்ந்தால் மாற்றுகிறோம். அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் வயல் தரிசுதான். மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்பதைச் சாஸ்திரத்தைக் கேட்காதீர்கள். படிக்கும் குழந்தைக்கு எது சுலபம் என்று கேளுங்கள் என்று கூறி முடித்துக்கொள்ளுகிறேன்.