நான் பெற்ற சான்றிதழ்



பாலாற்றங்கரையிலுள்ள எங்கள் மேல்விஷாரம் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். 1965ஆம் ஆண்டில் அப்துல் ஹக்கீம் கல்லூரி தோன்றிய பிறகு, கல்விக்கும் அப்பெயர் உண்டாயிற்று. அவ்வூரில் ஆசிரியனாக இருந்த நான், தலை நரைக்கத் தொடங்கிய வயதில் மீண்டும் மாணவனாகிச் சிறப்புக் கல்வியில் ஒரு தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றேன். அதற்குக் காரணம் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன்.

தோல் பதனிடும் சாலையில் வேலை பார்ப்பவரின் மகன் அவன். சொல்வதெழுதுதல் என்றால் அவனுக்கும் எனக்கும் போர்தான். 'பாடு' என்றால் 'மாடு' என்று எழுதுவான். 'படம்' என்றால் 'மடம்' ஆகும். சில நாட்களில் ஒரு சொல்லும் எழுதாது விழித்துக்கொண்டிருப்பான். திமிர் என்றே எண்ணினேன். பலமுறை பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது.

ஆண்டுகள் சென்றன. பயிற்சியின் முதல் வாரத்தில், விரிவுரையாளர் குரலெழுப்பாமல் உதடுகளை மட்டும் அசைத்து, "இச்சொல்லை எழுதுங்கள்" என்றார். நான் 'மாடு' என்று எழுதினேன். பக்கத்திலிருந்தவர் 'பாடு' என்று எழுதியிருந்தார். இரண்டிற்கும் இதழ்கள் ஒன்றுபோலவே மூடித் திறக்கின்றன. மகரத்தின் ஒலி மூக்கின் வழியே செல்வது கண்ணுக்குப் புலனாவதில்லை. அக்கணம் என் கை நடுங்கிற்று. அச்சிறுவன் காதால் அன்று, கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தான்! அவன் ஒன்றும் எழுதாத நாட்கள், நான் கரும்பலகையைப் பார்த்தபடி சொற்களைச் சொன்ன நாட்களே.

வேறு பலவும் கற்றோம். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத பிள்ளைக்கு அச்செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை முதலில் கற்பிக்க வேண்டுமாம். மற்றவற்றை நாம் செய்துவிட்டு, பொத்தானை இறுதியாக இழுக்கும் வேலையை மட்டும் பிள்ளையிடம் விட்டால், முடித்த மகிழ்ச்சி அதற்கே உரியதாகும். என்ன நுட்பம் பாருங்கள்!

இத்தகைய சான்றிதழ் ஒருவரைச் சிறப்பாசிரியராக்கிவிடாது. அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற பட்டயமோ பட்டமோ வேண்டும்; 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்றத்தின் பதிவேட்டில் பெயரும் இடம்பெற வேண்டும். பட்டயப் பயிற்சி 2 ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர் சேரலாம். உங்களுள் சிலர் இதனை எண்ணிப் பார்க்கலாம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே குறித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் குறிக்கின்றது. ஆசிரியர் தேவை எவ்வளவு பெருகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துணிவுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் வேலூர் அருகிலேயே இருக்கிறது. 1954ஆம் ஆண்டு விபத்தில் முதுகுத்தண்டு முறிந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அச்சிறுவனின் வீட்டைத் தேடிச் சென்றேன். குடும்பத்தோடு ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டதாக அண்டை வீட்டார் கூறினர். முகவரி எவருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் கரும்பலகையில் எழுதி முடித்து, சுண்ணக்கட்டியைக் கீழே வைத்து, பிள்ளைகளை நோக்கித் திரும்பிய பின்பே வாய் திறக்கிறேன். பாடம் சற்று மெதுவாகத்தான் நகர்கிறது.