பட்டுக்கு வந்த ஆறு குதிரைகள்



இந்தத் தலைமை இருக்கைக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களில் இருவர் என் கட்டுரைகளை அச்சிலேயே மறுத்தவர்கள். அவர்கள் முன்னால் தலைமை ஏற்கும்படி அமைப்புக் குழுவினர் கேட்டபோது மகிழ்ச்சியோடு கொஞ்சம் உதறலும் எடுத்தது. தலைமை உரை துறை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும் என்பது மரபு. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நம் மாநாட்டுப் பொருள் 'சீனப் பட்டுச் சுருள்களில் குதிரை'. ஹான் கான், லீ கோங்லின், ரென் ரென்ஃபா, பிறகு 1728-இல் இத்தாலியரான காஸ்திக்லியோனே வரைந்து முடித்த நூறு குதிரைகள் என்ற வரிசை உங்களுக்கு மனப்பாடம். நிகழ்ச்சி நிரலில் ஹான் கானின் வெண்குதிரையும் லீ கோங்லினின் ஐந்து குதிரைகளும் சிறப்பிடம் பெற்றிருக்கின்றன. இரண்டும் காகிதத்தில் வரையப்பட்டவை. பட்டு மாநாட்டில் காகிதத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியது குழுவினரின் பெருந்தன்மை.

அசல் பட்டுச் சுருள் ஒன்றுக்கு மட்டும் கட்டுரையே வரவில்லை. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள சாவ் லின் சுருளைச் சொல்கிறேன். ஜின் அரச மரபுக் காலத்து ஓவியர் அவர். டாங் பேரரசர் தைசோங் போர்க்களங்களில் ஏறிய ஆறு குதிரைகளை வரைந்திருக்கிறார். சுருளின் உயரம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். நீளமோ ஏறத்தாழ நாலரை மீட்டர். ஒரு குதிரை, பக்கத்தில் அதற்கான புகழுரை, அடுத்து இன்னொரு குதிரை. மலையோ மரமோ இல்லாத வெறும் பட்டு.

இது ஏன் ஒதுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும். பேரரசரின் கல்லறையான சாவ்லிங்கில் இதே ஆறு குதிரைகளும் புடைப்புச் சிற்பங்களாக இருந்தன. இன்று இரண்டு பிலடெல்பியாவிலும் நான்கு சியானிலும் இருக்கின்றன. சிற்பம் மூலம், சுருள் அதைப் பார்த்து எடுத்த நகல், எனவே இரண்டாந்தரம் என்று தீர்ப்பாகிவிட்டது. நம் துறையில் பலரும் கைவிடாத கையேடு ஒன்று இந்தச் சுருளுக்கு அரை வரி கொடுத்தது. இரண்டாம் பதிப்பில் அந்த அரை வரியையும் காணோம். அதன் ஆசிரியர்மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் சாவ் லின் சிற்பத்தின் முன்னால் நின்று வரைந்தார் என்பதற்கு அவர் காட்டிய சான்று என்ன? கல்லறை அப்போது ஜின் ஆட்சிப் பகுதியில் இருந்தது, எனவே ஓவியர் போயிருப்பார் என்பது மட்டும்தான்.

போயிருக்கலாம். ஆனால் அங்கே போனவர்கள் எதைப் பார்த்தார்கள்? இதற்கு விடை தரும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. யோ ஷிசியோங் என்ற சோங் அதிகாரி 1089-இல் நாட்டியது. குதிரைகளின் கோட்டுருவுக்காக அதன் மைப்படியைப் புரட்டுகிறோம், எழுத்தைப் படிப்பதில்லை. அவர் சொல்வதைக் கேளுங்கள். தைசோங்கின் ஆறு குதிரைகளை ஓவியமாக முன்பே பார்த்திருக்கிறாராம். யான் லீபென் என்ற ஓவியரின் கைவண்ணம் என்று ஊரார் சொன்னார்களாம். பிறகுதான் மலையேறிச் சிற்பங்களைக் கண்டார். பாதை செங்குத்து, போய்வர 40 லீ, நம் கணக்கில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எல்லோராலும் ஏற முடியாது என்பதால், ஊரின் மேற்கு வாயிலுக்கு வெளியே இருந்த தைசோங் கோயில் முற்றத்தில் அம்பு தைத்த நிலையிலேயே ஆறு குதிரைகளையும் சுதையில் செய்து வைக்கச் சொன்னார். அம்பைப் பிடுங்கும் தளபதி சியூ சிங்கோங்கையும் விடவில்லை. அளவில் மயிரிழையும் பிசகவில்லை என்று பெருமை வேறு. அதன் பிறகு படமாகவும் கல்லில் வெட்டுவித்தார்.

ஆக, சாவ் லின் காலத்தில் மலைமேல் சிற்பம், அடிவாரத்தில் சுதை, கல்வெட்டு, கைக்குக் கை மாறிய ஓவியங்கள் என்று நான்கு வழிகள் திறந்திருந்தன. மிகக் கடினமான வழியில்தான் அவர் போனார் என்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறோம்?

சுருளில் சாலுட்சு என்ற குதிரையின் பகுதியைப் பாருங்கள். நெஞ்சில் தைத்த அம்பின் தண்டைத் தளபதி பற்றியிருக்கிறார். குதிரை தலையைத் தாழ்த்தி அவரை ஒட்டி நிற்கிறது. சிற்பத்திலும் இதே நிலைதான், எனவே சிற்பமே மூலம் என்கிறார்கள். சுதையிலும் இதே தளபதி இருந்தாரே! நிலையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. நிறத்தை வைத்துப் பேசலாம். பைத்தீவூ கரிய உடலும் நான்கு வெண்குளம்புகளும் கொண்டது, சுவான்மாவ்குவா கருவாய் உடைய மஞ்சள் குதிரை, ஷிஃபாச்சி முழுச் செந்நிறம் என்று கல்வெட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறது. சுவான்மாவ்குவாவின் உடலில் முன்புறம் ஆறு, முதுகில் மூன்று என்று அம்புக் கணக்கும் தருகிறது. நூற்றாண்டுக் கணக்கில் வெயிலும் மழையும் தின்ற சிற்பத்திலிருந்து இந்த நிறங்களை எந்த ஓவியர் எடுத்திருக்க முடியும்? குதிரைப் பெயர்களிலேயே நிறம் இருக்கிறதே என்று முன்வரிசையில் ஒருவர் தலையசைக்கிறார். இருக்கட்டும் ஐயா, பெயரும் எழுத்துதானே! சாவ் லின் எழுத்தைப் படித்து வண்ணம் தீட்டியவர். இதுவே என் வாதம்.

இன்னொன்று. இந்தச் சுருளின் குறிப்புரையை சாவ் பிங்வென் என்ற ஜின் அமைச்சர் 1220-இல் எழுதினார். மங்கோலியர் நெருக்கியதால் ஜின் அரசவை 1214-இலேயே தெற்கே கைஃபெங்குக்கு இடம் பெயர்ந்திருந்தது. மறு ஆண்டு பழைய தலைநகரும் வீழ்ந்தது. குதிரைப்படையால் எழுந்த அரசு குதிரைப்படையிடமே தோற்றுக்கொண்டிருந்த வேளையில், வெற்றி பெற்ற ஒரு பேரரசரின் குதிரைகளை அந்த அமைச்சர் பட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெறும் நகல் என்று ஒதுக்கினால் இந்தச் சூழலையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறோம்.

நேரம் கடந்துவிட்டதாக அமைப்பாளர் சைகை காட்டுகிறார். கட்டுரையாளர்களிடம் ஒரே வேண்டுகோள். இனி இந்த ஆறு குதிரைகளை எங்கே அச்சிட்டாலும், சிற்பத்தின் ஒளிப்படத்தோடு 1089 கல்வெட்டின் மைப்படியையும் பக்கத்தில் வையுங்கள். என்னை மறுக்க நினைப்பவர்கள் கேள்வி நேரத்தில் தாராளமாக வரலாம். வரும்போது அந்த மைப்படியோடு வாருங்கள்.